அறியாமல் வந்த நஞ்சு அல்ல

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் 1845இல் பழனி மலையின் மேல் கொடைக்கானலில் குடியேறினார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1875இல், திருச்சியிலிருந்து தெற்கே போன ரயில்பாதை அம்மையநாயக்கனூரைத் தொட்டது. மலைக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி, மாட்டுவண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து அடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து டோலியிலும் குதிரையிலும் ஏறினார்கள். வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்குக் கொடைக்கானல் ரோடு என்று பெயர் வந்தது. மக்கள் வாயில் அது கொடைரோடு ஆயிற்று. மலைக்கு ஏறுகிற வழியாகத்தான் இந்த ஊர் வரலாற்றில் பேசப்படுகிறது. மலையிலிருந்து இறங்குகிற வழியாக இதைப் பார்ப்பவர் குறைவு. கொடைக்கானலின் தெற்குச் சரிவில் விழுகிற மழை பாம்பாறாக ஓடி, கும்பக்கரையில் அருவியாகி, பெரியகுளத்து வராக நதி வழியே வைகையில் கலக்கிறது. அந்த வைகைதான் பேரணையில் தடுக்கப்பட்டு நிலக்கோட்டை, சோழவந்தான் பக்கத்து வயல்களுக்குப் பிரிகிறது. மேலே எது கொட்டப்பட்டாலும் அதைப் பற்றிக் கவலைப்படும் உரிமை கீழே இருப்பவர்களுக்கும் உண்டு. அந்த உரிமையோடு, கொடைக்கானலில் பதினெட்டு ஆண்டு நடந்த ஒரு தொழிலின் கதையை, அதிகம் கேட்கப்படாத ஒரு கேள்வியை முன்வைத்துத் திரும்பப் பார்க்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது அந்தத் தொழில் இங்கே வந்தபோதே உலகத்துக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இன்று நம் வீட்டுக்குள் இருக்கும் தீத்தடுப்பு ரசாயனங்களுக்கும் அதே விடை பொருந்தும்.

அந்தத் தொழில் தெர்மாமீட்டர் செய்வது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம் நடத்திவந்த பழைய பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1983இல் இடம் மாறிக் கொடைக்கானலுக்கு வந்தது. செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலைக்காட்டை ஒட்டிய மேட்டில் அது அமைந்தது. 1987இல் செஸ்பரோ பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்த பண்டமும் ஏற்றுமதிக்கே போனது. மலையில் தங்கியது கூலியும் கழிவும் மட்டும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பி, சூடேற்றி, வாயை மூடி, அளவு குறித்து, சோதித்து அனுப்பும் வேலையில் கண்ணாடி உடைவது தினசரிச் சமாச்சாரம். உடைந்த ஒவ்வொரு குழாயிலிருந்தும் பாதரசம் தரையில் சிந்தும். நீர்போல் ஓடும் இந்த உலோகம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் போனதில் பெரும்பகுதி நுரையீரல் வழியே இரத்தத்தில் சேர்ந்துவிடும். இந்தியச் சட்டம் இதை அறியாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாகப் பாதரச நஞ்சேற்றத்தைக் குறிப்பிட்டிருந்தது. தொழிற்சாலை மலையேறியபோது அந்த வரிக்கு வயது முப்பத்தைந்து.

தொழிலாளியின் உடலைப் பற்றிச் சட்டம் சொன்னது இது. வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றி மருத்துவம் சொன்னது வேறு கதை. இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை மருத்துவர்கள் நஞ்சுக்கொடியை ஒரு மதில் என்றே நம்பினார்கள்; தாயின் உடலில் எது புகுந்தாலும் அது பிள்ளைக்குப் போகாமல் கொடி காக்கும் என்பது பாடம். அந்த நம்பிக்கை மூன்று அடிகளில் உடைந்தது. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கர்ப்பகாலத்தில் ரூபெல்லா அம்மை கண்ட தாய்மாரின் பிள்ளைகள் கண்புரையோடு பிறப்பதைக் காட்டினார். 1961இல் தாலிடோமைடு மாத்திரையால், தாய்க்கு ஒன்றும் செய்யாமல் பிள்ளையின் கைகால்களைக் குறைக்க முடியும் என்று உலகுக்குத் தெரிந்தது. மூன்றாவது அடி பாதரசத்தினுடையது. ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவால் வந்த நோய் 1956இல் அரசுப் பதிவேறியது. அதே ஊரில் மீனே தின்னாத கைக்குழந்தைகள் மூளைவாதத்தோடு வளர்ந்தார்கள். அவர்களைப் பெற்ற தாய்மாரில் பலருக்கு நோய் லேசாகவே இருந்தது. கொடிதான் காக்குமே என்ற பழைய பாடத்தால், பிள்ளைகளின் நோய்க்கு வேறு காரணம் தேடினார்கள். ஹரதா மசசுமி என்ற இளம் மருத்துவர் வீடுவீடாகப் போய்ச் சேர்த்த சான்றுகளும் இறந்த குழந்தைகளின் பிரேதப் பரிசோதனையும் வழக்கைத் திருப்பின. 1962இல் இது கருவிலேயே வந்த நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. தாய் வாங்கிய நஞ்சைப் பிள்ளை தாங்கியிருக்கிறது.

மினமாட்டாவின் பாதரசம் வேறு, கொடைக்கானலின் பாதரசம் வேறு என்று சொல்வார்கள். சொல்வதில் உண்மை உண்டு. அங்கே மீன் வழியே வந்தது மெத்தில் பாதரசம். இங்கே தொழிலாளர் சுவாசித்தது உலோகப் பாதரசத்தின் ஆவி. இரண்டும் உடலில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆனால் கொடியைக் கடப்பதில் ஆவியும் சளைத்ததல்ல. 1972இல் கிளார்க்சன், மகோஸ், கிரீன்வுட் மூவரும் வெளியிட்ட எலிச் சோதனை இதைத் தெளிவாக்கியது: பாதரச உப்பு கொடுத்த தாய் எலியைவிட, பாதரச ஆவியைச் சுவாசித்த தாய் எலியின் கருவில் சேர்ந்த பாதரசம் மிக அதிகம். மின்னூட்டம் இல்லாத அந்த அணு, கொடியின் சவ்வுகளை எளிதில் ஊடுருவிப் போகிறது. போன பிறகு கருவின் திசுவில் வேதிமாற்றம் அடைந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது. தெர்மாமீட்டர் ஆலைக்குள் மிதந்தது இந்த ஆவிதான். ஆண்கள்தான் பெரும்பாலும் வேலை செய்தார்கள், கர்ப்பிணிகள் அங்கே ஏது என்று அடுத்த மறுப்பு வரும். அதற்கும் விடை, ஆலை இங்கே ஓடிக்கொண்டிருந்தபோதே அச்சில் வந்துவிட்டது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளைப் பரிசோதித்து 1987இல் வெளியான ஆய்வு, அவர்களுடைய சிறுநீரில் பாதரசம் மற்றப் பிள்ளைகளுக்கு இருந்ததைவிடச் சுமார் ஐந்து மடங்கு இருந்ததைக் கண்டது. ஆலைக்குள் காலே வைக்காத பிள்ளைகள் அவர்கள். துணியிலும் செருப்பிலும் ஒட்டிப் பாதரசம் வீட்டுக்கு வந்தது. அந்தத் துணியைத் துவைக்கிறவளும் அந்த வீட்டில் பிள்ளை பெறுகிறவளும் ஒருத்தியே. ஆகவே 1983இல் இயந்திரங்கள் கப்பலேறியபோது, ஆவி கொடியைக் கடக்கும் என்ற அறிவும் உலகில் இருந்தது; துணியோடு வீட்டுக்கும் வரும் என்ற சான்று நான்கே ஆண்டில் சேர்ந்தது. இயந்திரங்கள் வந்தன, அறிவு வரவில்லை. அதை அறியாமை என்று சொல்ல முடியாது.

பிறகு நடந்தது பலரும் அறிந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் 7.4 டன் மூட்டைகளில் கிடப்பதைப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் வெளிக்கொண்டு வந்தன. அந்த மாதமே ஆலை நின்றது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வளரும் நாட்டிலிருந்து வளர்ந்த நாட்டுக்குக் கழிவு திரும்பிப் போன அரிய சம்பவம் அது. முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் போனது. தொழிலாளரின் நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்று 2007இல் நிபுணர் குழு சொன்னது; 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை அதற்கு மாறாகப் பேசியது. நிறுவனம் தொடர்பை எப்போதும் மறுத்தே வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருக்கும் குடும்பங்களுக்கும் கருணைத்தொகை என்ற பெயரில் பணம் கொடுத்து வழக்கு முடிந்தது. ஆலை நிலத்து மண்ணைச் சுத்தம் செய்வதில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவுகோல் போதுமா என்ற சண்டை அதற்கு அப்பாலும் நீண்டது. இந்த நீண்ட வழக்கில் சிறுநீரகம், நரம்பு, ஈறு, நடுக்கம் எல்லாம் பேசப்பட்டன. கருச்சிதைவுகளையும் பிள்ளைகளின் குறைகளையும் பற்றித் தொழிலாளர் குடும்பங்கள் சொன்னவை புகார்களாக நின்றனவே தவிர, தீர்ப்பைத் தாங்கும் சான்றாக மாறவில்லை.

சான்று இல்லாத புகாரை வைத்து எப்படிக் குற்றம் சொல்வது என்பது இங்கே எழும் கனமான மறுப்பு. அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு ஊரில் நடந்த ஒரு கருச்சிதைவை எடுத்துக்காட்டி இதற்குப் பாதரசமே காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதரசம் இல்லாத ஊரிலும் கருக்கள் கலைகின்றன. ஆனால் சான்று இல்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்பது ஒன்று, தேடக்கூடிய காலத்தில் யாரும் தேடவில்லை என்பது இன்னொன்று. பாதரச ஆவிக்கு ஆளானவரின் உடலில் உள்ள பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். ஆலை மூடி ஐந்து ஆண்டு கழித்துச் சிறுநீரைச் சோதித்தால், ஆலைக்குள் அவர் பட்டதில் எதுவும் அதில் இருக்காது. நஞ்சுக்கொடியோ பிறந்த அன்றே கழிவு. மினமாட்டாவில் நிலைமை வேறாக இருந்ததற்கு ஒரு வழக்கம் காரணம். ஜப்பானியத் தாய்மார் பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். பிற்பாடு ஹரதாவும் மற்றவர்களும் அந்தப் பெட்டிகளிலிருந்த கொடிகளில் பாதரசத்தை அளந்து, எந்த ஆண்டுகளில் ஆலை எவ்வளவு நஞ்சு கக்கியது என்பதைப் பிறப்புத் தேதியோடு பொருத்திக் காட்டினார்கள். காய்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டும் வழக்கம் நம்மூரிலும் இருந்தது. அதைச் சான்றாகப் பார்க்கும் ஏற்பாடு இருக்கவில்லை. சான்று சேர்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாத இடத்தில், சான்று இல்லை என்ற வாக்கியம் யாரையும் விடுவிக்காது.

வேலை கொடுத்ததே, காய்ச்சல் பார்க்க உதவியதே என்ற மறுப்பும் நியாயமானதுதான். மலையில் நிரந்தரச் சம்பளம் தந்த ஆலைகள் சொற்பம். தெர்மாமீட்டர் உயிர் காத்த கருவி. ஆனால் இந்த இரண்டு நன்மைக்கும் தரையில் பாதரசம் சிந்திக் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. காற்றிழுக்கும் அமைப்பு, ஆலையிலேயே துவைக்கும் சீருடை, வேலை முடிந்ததும் குளியல், கர்ப்பம் தரித்தவளுக்கும் தரிக்கப்போகிறவளுக்கும் எச்சரிக்கை ஆகிய எல்லாமே 1983இல் தெரிந்த முறைகள். பாதரசம் இல்லாத தெர்மாமீட்டரும் பின்னால் வந்தது. பாதரசக் கருவிகளைக் கைவிட வழிசெய்யும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாகி, இந்தியா அதை 2018இல் ஏற்றது. பாதரசத்தின் கதை இவ்வளவில் முடிந்தது என்று மூடிவைத்திருக்கலாம். ஆனால் கொடியைக் கடப்பது பாதரசம் மட்டும் அல்ல. உயிரைக் கொல்வதும் ஊனமாக்குவதும் மட்டுமே கேடு என்ற கணக்கும் பழையதாகிவிட்டது. ஒரு ரசாயனம் தாயின் தைராய்டு சுரப்பைச் சிறிது குறைத்தாலே போதும். பிள்ளை முழு உருவத்தோடு பிறந்து, எதனால் என்று யாருக்கும் தெரியாமல், கற்பதில் பின்தங்க முடியும்.

தைராய்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது நம் அரசுக்கு நன்றாகத் தெரியும். வயிற்றுப் பிள்ளையின் சொந்தச் சுரப்பி சுமார் பன்னிரண்டாம் வாரத்தில்தான் வேலை தொடங்கும். போதுமான அளவு சுரக்கக் கர்ப்பத்தின் நடுப்பகுதி ஆகும். அதுவரை மூளை உருவாகத் தேவையான தைராக்சின் தாயின் இரத்தத்திலிருந்து கொடி வழியாகத்தான் வர வேண்டும். கொடி அதை அப்படியே கடத்திவிடுவதும் இல்லை; தன்னிடமுள்ள நொதிகளால் எவ்வளவு போக வேண்டும் என்று அளந்து விடுகிறது. 1956இல் தொடங்கி இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் குழுவினரும் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து, கழுத்துக்கழலை குறைவதை நிரூபித்தார்கள். 1962இல் தேசியத் திட்டம் வந்தது; இன்று தூத்துக்குடி உப்பும் அயோடின் ஏறித்தான் கடைக்கு வருகிறது. ஒவ்வொரு வீட்டின் உப்புக்குள்ளும் கைவைத்து வயிற்றுப் பிள்ளையின் மூளையைக் காப்பது அரசின் கடமை என்று இந்த நாடு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்றபின், அதே தைராய்டைக் கெடுக்கும் பொருள் வீட்டுக்குள் வரும்போது அது தன் வேலை அல்ல என்று அரசு சொல்ல முடியாது.

அப்படி வந்தவைதான் தீத்தடுப்பு ரசாயனங்கள். அவற்றின் வரலாறும் கொடைக்கானல் கதையைப் போலவே நடக்கிறது. 1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் புரோமின் கலந்த ஒரு தீத்தடுப்புப் பொருள், பெயர்க் குழப்பத்தால் மாட்டுத் தீவனத்தில் சேர்ந்து, பால், இறைச்சி வழியே லட்சக்கணக்கானோரின் உடலில் ஏறியது. அந்தத் தாய்மாரின் வயிற்றில் இருந்த பெண்பிள்ளைகள் சீக்கிரமே பூப்படைந்தது பின்னால் தெரியவந்தது. 1977இல் ஆர்லீன் பிளமும் புரூஸ் ஏம்ஸும் குழந்தைகளின் இரவுடையில் இருந்த டிரிஸ் என்ற தீத்தடுப்பு மரபணுவைச் சிதைக்கக் கூடியது என்று எழுதினார்கள். அவ்வாண்டே அமெரிக்கா அதைத் தடை செய்தது. விற்காமல் தேங்கிய உடைகள் வெளிநாடுகளுக்குக் கப்பலேறின; அதையும் தடுக்க 1978 வரை ஆயிற்று. ஓரிடத்தில் வேண்டாம் என்றது இன்னோரிடத்துக்குப் போகும் வழி தெர்மாமீட்டருக்கு முன்பே போடப்பட்டிருந்தது. டிரிஸுக்குப் பிறகு மெத்தை நுரையிலும் தொலைக்காட்சிப் பெட்டியிலும் கணினி உறையிலும் பாலிபுரோமினேட்டட் டைபினைல் ஈதர்கள் புகுந்தன. பிளாஸ்டிக்கோடு பிணையாமல் வெறுமனே கலந்து நிற்பதால் இவை மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியில் சேர்கின்றன. இவை உடலில் ஏறுவதைக் கண்டுபிடித்ததும் பத்திரப்படுத்திய ஒரு பொருளால்தான்: ஸ்டாக்ஹோமில் 1972 முதல் சேமித்துவந்த தாய்ப்பால் மாதிரிகளைச் சோதித்தபோது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இந்த ரசாயனம் இருமடங்கானது தெரிந்தது. அதன்பின்தான் ஐரோப்பா விழித்தது. 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவற்றில் இரு வகைகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது.

இவற்றின் உருவம் தைராக்சினை ஒத்தது. தைராக்சினில் அயோடின் இருக்கும் இடத்தில் இவற்றில் புரோமின் இருக்கிறது. உடலுக்குள் சிதையும்போது உண்டாகும் சில பொருள்கள், தைராக்சினை இரத்தத்தில் சுமக்கும் புரதத்தில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கலிபோர்னியாவில் பண்ணைத்தொழில் வட்டாரத்துக் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், இந்த ரசாயனம் கூடுதலாக இருந்தவர்களின் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் அளவு மாறியிருந்தது. வட கரோலைனாவில் நூறு நஞ்சுக்கொடிகளுக்கு மேல் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு, இவை கொடியின் திசுவிலேயே தங்குவதையும், ஆண்பிள்ளைகளின் கொடியில் சில வகைகள் கூடுதலாக இருப்பதையும், கொடியிலுள்ள தைராய்டு ஹார்மோன் அளவோடு அவை தொடர்புபடுவதையும் காட்டியது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே என்பார்கள். முரண்படுகின்றன: ஓரிடத்தில் ஹார்மோன் கூடுகிறது, ஓரிடத்தில் குறைகிறது. ஆனால் கூடுவதும் குறைவதும் இரண்டுமே மாற்றம். ரசாயன வகை, கர்ப்பத்தின் மாதம், தாயின் அயோடின் அளவு ஆகியவை மாறும்போது விளைவும் மாறுவது வியப்பில்லை. எத்திசையில் இழுக்கிறது என்பதில் சந்தேகம் இருக்கலாம். கொடிக்குள் போகிறது என்பதில் சந்தேகம் இல்லை. தீயில் சாவதைவிட இது மேல் அல்லவா என்பது கடைசி மறுப்பு. தீத்தடுப்பை முதலில் கட்டாயமாக்கிய கலிபோர்னியாவே அதற்கு விடை சொன்னது: 1975இல் கொண்டுவந்த விதியை 2013இல் திருத்தி, புகைந்து பற்றாத மேலுறை இருந்தால் போதும், நுரைக்குள் ரசாயனம் வேண்டியதில்லை என்றது.

இது அமெரிக்க மெத்தைக் கதை, கொடைரோட்டுக்கு என்ன என்று கேட்கலாம். நம் வீடுகளில் நுரை மெத்தை குறைவாக இருந்த காலம் போய்விட்டது. பழைய தொலைக்காட்சியும் கணினியும் உடைபடும் நாடுகளில் நாமும் ஒன்று. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து நம் நாட்டின் பல ஊர்களில் தாய்ப்பாலைச் சோதித்து 2012இல் வெளியிட்டதில் இந்தத் தீத்தடுப்புப் பொருள்கள் இருந்தன. அளவு அமெரிக்கத் தாய்மாரைவிடக் குறைவுதான். 1983இல் கொடைக்கானல் மண்ணிலும் பாதரசம் குறைவாகத்தான் இருந்தது. மிச்சிகனில் 1973இல் மாட்டுத் தீவனத்தில் கலந்த அதே வகைப் பொருளை இந்தியா சட்டப்படி தடை செய்தது 2018இல். இடையே நாற்பத்தைந்து ஆண்டு. நெருப்பை அணைக்கும் பொருள் மட்டுமல்ல, மூட்டும் பொருளும் இதே சுரப்பியைத் தொடுகிறது. பட்டாசிலும் தீப்பெட்டித் தொழிலிலும் சம்பந்தப்பட்ட பெர்குளோரேட், அயோடின் செல்லுக்குள் நுழையும் வாயிலை அடைத்துவிடும்; அந்த வாயில் தைராய்டில் மட்டுமல்ல, நஞ்சுக்கொடியிலும் இருக்கிறது. 2013இல் வெளியான ஆய்வொன்று சிவகாசி நிலத்தடி நீரில் 57 மாதிரிகளைச் சோதித்தது. அமெரிக்கா குடிநீருக்குச் சொன்ன லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டு அளவை 17 மாதிரிகள் தாண்டின. மதுரை மாதிரிகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. அந்த ஆய்வு யாருக்கும் நோய் வந்ததாகச் சொல்லவில்லை. உடல்நிலையை ஆராய வேண்டும் என்று சொன்னது. கொடைரோட்டுக்குத் தெற்கே இருக்கிற ஊர்களின் கதை இது.

இந்த வரலாற்றுக்கு உரிய விதி நம் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1996 ஆகஸ்டில், தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கேடு வரும் என்ற அச்சம் இருக்கும்போது அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. கேடில்லை என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவருடையது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பில் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட ஐந்து மாவட்டத்து ஆலைகளில் திண்டுக்கல் மாவட்டத்தவையும் உண்டு. தீர்ப்பு வந்த ஆண்டில், அதே மாவட்டத்தின் மலையுச்சியில், பாதரச ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் ஐந்து ஆண்டு ஓடியது. நிரூபிக்கும் சுமை நோயாளியின் தலையில் இருந்தது. 2016இல் கருணைத்தொகையோடு அது இறக்கிவைக்கப்பட்டது. சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. சட்டத்துக்குக் கண்ணாக இருக்க வேண்டிய சோதனை இல்லாமல் நடந்தது.

அந்தச் சோதனைக்கு இன்று வழி இருக்கிறது. 1983இல் மலைக்கிராமத்துப் பிரசவங்கள் பல வீட்டிலேயே நடந்தன. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கிறது. ஒவ்வொரு நஞ்சுக்கொடியும் மஞ்சள் பையில் மருத்துவக் கழிவாகப் போய்ச் சேர்கிறது. திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாயின் சம்மதத்தோடு, பெயர் மறைத்து, ஆண்டுக்குச் சில நூறு கொடிகளில் ஒரு சிறு துண்டைக் குளிர்ப்பெட்டியில் சேமித்து, பாதரசம், தோல் ஆலைக் கழிவின் குரோமியம், பெர்குளோரேட், தீத்தடுப்பு ரசாயனம் ஆகியவற்றையும் தைராய்டு ஹார்மோனையும் அளக்க ஒரு மருத்துவக் கல்லூரியால் முடியும். ஸ்டாக்ஹோம் தாய்ப்பாலில் செய்ததும் மினமாட்டா தொப்புள்கொடியில் செய்ததும் இதுதான். இதைச் செய்யும்படி திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்தையும் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையையும் மக்கள் கேட்க வேண்டும். அதோடு, புதிய ரசாயனத்தோடு வரும் எந்த ஆலையும் வயிற்றுப் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்ற விடையை முதலில் வைத்துவிட்டே உரிமம் கேட்க வேண்டும். இன்னொரு முறை எங்களுக்குத் தெரியாது என்று சொல்லும் தகுதி இந்த மாவட்டத்தில் யாருக்கும் இல்லை.